இரண்டாம் நம்பர் பிராக்கெட்டும் கொடும்பாளூர் தாய்மாமனும்

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற ஆறு பேருக்கும் வணக்கம். நான் இந்த ஆபீஸ்ல இருந்து போன வருஷம் ஓய்வு வாங்கினவ. ஜன்னலோரம் கால் ஆடுற நாற்காலி ஒண்ணு கிடக்கும், அது என்னோடது. அடியில அட்டையை மடிச்சு முட்டுக் குடுத்திருக்கேன், யாரும் எடுத்துராதீங்க.

"பிள்ளைங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கம்மா"ன்னு முதலாளி போன்ல கேட்டாரு. நல்ல வார்த்தையெல்லாம் அவர்கிட்டயே நிறைய இருக்கு. புரோகிராம் கோடு எப்படி எழுதுறதுன்னும் நான் சொல்லப்போறதில்லை, அதுல நீங்க என்னைத் தூக்கிச் சாப்பிட்டுருவீங்க. நான் சொல்லப்போறது ஒரே ஒரு பிராக்கெட்டைப் பத்தி. அதை ஒரு வார்த்தை தள்ளிப் போட்டு, ஒரு பிள்ளையோட காதுகுத்தையே கவுக்கப் பார்த்தவ நான்.

நம்ம தொழில் என்னன்னு ஒங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருப்பாங்க. விசேஷ வீட்டுக்காரங்க சொந்தக்காரங்க பட்டியலைக் குடுப்பாங்க, தங்கள் குரல்லயே பேசிப் பதிஞ்சு குடுப்பாங்க, நம்ம புரோகிராம் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு அந்தக் குரலைக் கேட்க வைக்கும். கேக்க லேசா இருக்கும். ஆனா நம்ம புதுக்கோட்டைப் பக்கத்துல எந்தக் குடும்பமாவது "எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுங்க"ன்னு சொல்லிப் பார்த்திருக்கீங்களா? பெரியப்பாவுக்குப் போனதுக்கு அப்புறம்தான் சித்தப்பாவுக்குப் போகணும். மூத்த மருமகன் மத்தியானம் தூங்குவாரு, எழுப்பக் கூடாது. இன்னாரோட பேச்சுவார்த்தை இல்லை, அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது. ஆக, குடும்பத்துக்குக் குடும்பம் தனி விதி, தனி ஃபைல்.

ஆரம்பத்துல வெறும் கோடு மட்டும்தான் எழுதி வச்சிருந்தோம். எழுதின பையன் துபாய்க்குப் போயிட்டான். ஒரு வீட்டு ஃபைல்ல ஒரு அத்தையை ஏன் செவ்வாய்க்கிழமை கூப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்குன்னு யாருக்கும் தெரியலை. அந்த அத்தை ஆபீசுக்கே வந்து கேட்டுச்சு. அன்னைக்கே முதலாளி ஒரு சட்டம் போட்டாரு. ஒவ்வொரு ஃபைல்லயும் தமிழ்ல குறிப்பு இருக்கணும், குறிப்புக்குக் கீழயே அதுக்கான கோடு இருக்கணும். கோட்டுக்கு மேல மூணு குறி, கீழ மூணு குறி வச்சு வேலி கட்டிருவோம். ஓட்டும்போது வேலிக்குள்ள இருக்கிறதை மட்டும் மெஷின் பொறுக்கி எடுத்துச் சேர்த்துக்கும்.

குறிப்பு எழுதறதுக்குன்னே ஒரு அக்கா இருந்தாங்க. முன்னாடி அச்சாபீஸ்ல பிழை திருத்தினவங்க. நாங்க எல்லாரும் அவங்களைக் குறிப்பக்கான்னுதான் கூப்பிடுவோம். ஒரு குடும்பம் வந்து உக்காந்து அரை மணி நேரம் புலம்பினா, அதை நாலே வரியில எழுதிருவாங்க. நான் பார்த்ததுல அவ்வளவு தெளிவா எழுதினவங்க யாருமில்லை. அவங்க வரிசை போடுற விதம் மட்டும் எனக்குத் தலைவலி. நீங்களும் நானும் பள்ளிக்கூடத்துல எழுதினதுதான்: 1) அப்புறம் 2) அப்புறம் 3). மூடுற பிராக்கெட் மட்டும்தான், திறக்கிறதே கிடையாது.

மனுஷங்களுக்கு இதுல ஒரு பிரச்னையும் இல்லை. பிரச்னை எங்க எடிட்டருக்கு, அதாவது நாங்க கோடு அடிக்கிற புரோகிராமுக்கு. கர்சரை ஒரு பிராக்கெட் மேல வச்சா அதோட ஜோடி மஞ்சளாகும். ஜோடி இல்லாத பிராக்கெட் சிவப்பாகும். இதுவரைக்கும் சரி. ஆனா அந்தப் பழைய எடிட்டருக்கு வேலின்னா என்னன்னே தெரியாது. குறிப்பு, கோடு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு, மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே கணக்காப் படிச்சுக்கிட்டு வரும். கோட்டுல நான் ஒரு பிராக்கெட்டைத் திறந்து வச்சு, நடுவுல அக்கா குறிப்பு வந்து, அடுத்த கோட்டுல நான் மூடினா, குறிப்புல இருக்கிற 2) வந்து என் பிராக்கெட்டுக்கு ஜோடியா நின்னுக்கும். நான் போட்ட நிஜமான ஜோடி அங்கிட்டு சிவப்பா, அனாதையா நிக்கும்.

இது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும்தான் அந்த வெள்ளிக்கிழமை மாட்டினேன்.

திருவரங்குளத்துல ஒரு குடும்பம். மூணு வயசுப் பையனுக்குக் காதுகுத்து. இலுப்பூர்ல மண்டபம் பிடிச்சு, தட்டு வச்சு எல்லாருக்கும் நேர்ல அழைப்பும் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை விசேஷம், வியாழக்கிழமை மண்டபத்துக்காரர் கையைப் பிசையறாரு. ஒரே நாளுக்கு ரெண்டு குடும்பத்துக்குச் சரின்னு சொல்லிட்டாராம். அடிச்சுப் பிடிச்சு திருவரங்குளத்துலயே வேற மண்டபம் பிடிச்சாங்க. மாறின எடத்தை எல்லாருக்கும் சொல்லணுமே, அதுக்குத்தான் நம்மகிட்ட வந்தாங்க.

பட்டியலைக் குடுத்தது பையனோட அப்பா. பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்கு நேரா டிக் போட்டிருந்தாரு. அந்த டிக்குல ஒண்ணு, பையனோட தாய்மாமனுக்கு. கொடும்பாளூர்க்காரர், மாட்டுத் தீவனக் கடை வச்சிருக்காரு. என்ன பகைன்னா, ரெண்டு வருஷத்துக்கு முந்தி இவங்க வீட்டுக் கறி விருந்துல அந்த மாமனுக்கு நல்லி எலும்பு வைக்கலை. அவ்வளவுதான். சிரிக்காதீங்க, அந்தக் குடும்பத்துல யாரும் சிரிக்கலை.

அவர் போனதும் பத்து நிமிஷத்துல அவர் சம்சாரம் தனியா வந்துச்சு. நேரா குறிப்பக்காகிட்ட போயி உக்காந்துச்சு.

"அக்கா, அவுக என்ன டிக் வேணும்னாலும் போட்டிருக்கட்டும். எங்கண்ணனுக்குப் போன் போயே ஆகணும். நான் போயி தட்டு வச்சு அழைச்சுட்டு வந்திருக்கேன். அவன் மடியில வச்சாத்தான் எம்பிள்ளைக்குக் காது குத்துவேன்."

"நீயே போன் பண்ணிச் சொல்லிரலாமேம்மா?"

"நான் பேசினா அழுதுருவேன். அவன் கத்துவான். பதிஞ்ச குரல்னா குறுக்க பேச முடியாதுல்ல."

அண்ணனுக்குன்னு தனியா ஒரு பதிவு பேசிக் குடுத்துட்டுப் போச்சு. அக்கா குறிப்பு எழுதினாங்க. முதல் நம்பர்: பேச்சுவார்த்தை இல்லாதவங்களை விட்டுரணும். ரெண்டாம் நம்பர்: தாய்மாமனை எப்படியும் கூப்பிடணும். அதுக்கு நான் எழுதின கோட்டைத் தமிழ்ல சொன்னா இப்படி இருக்கும்: "சொந்தக்காரர், (பேச்சுவார்த்தை இல்லாதவர்) நீங்கலாக, அல்லது தாய்மாமன்." பிராக்கெட்டைத் திறந்தது ரெண்டாம் நம்பர் குறிப்புக்கு மேல. மூடினது கீழ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போக ஆரம்பிக்கணும். அஞ்சே முக்காலுக்குத் திறந்து பார்த்தா, நான் மூடின பிராக்கெட் செக்கச்செவேல்னு நிக்குது. முதலாளி பின்னாடி நின்னுக்கிட்டு கடிகாரத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்க்கிறாரு. ஒரு ஆள் முதுகுக்குப் பின்னாடி நின்னா எனக்கு மூளை வேலை செய்யாது, இன்னைக்கும் அப்படித்தான். சிவப்புன்னா அதிகப்படின்னு நினைச்சு அதை அழிச்சுட்டேன். ஓட்டினா, "ஒரு பிராக்கெட் மூடலை"ன்னு மெஷின் கத்துது. மூடலையா, இந்தா மூடிட்டேன்னு வரியோட கடைசியில, தாய்மாமனுக்கு அப்புறமா ஒண்ணைப் போட்டேன். அதுவும் சிவப்பாத்தான் வந்துச்சு. அதுக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? செட்டிங்ஸுக்குப் போயி சிவப்பை அணைச்சுட்டேன்.

மெஷின் மறுபேச்சு பேசலை. ஓடுச்சு. "ஓடுதுல்ல?"ன்னாரு முதலாளி. "ஓடுதுங்க"ன்னேன்.

இப்ப அந்தக் கோட்டைத் தமிழ்ல படிங்க; கோட்டுல 'நீங்கலாக' பிராக்கெட்டுக்கு முன்னாடியே வந்துரும், உள்ள இருக்கிற அத்தனையையும் அது கழிச்சுரும். "சொந்தக்காரர், (பேச்சுவார்த்தை இல்லாதவர் அல்லது தாய்மாமன்) நீங்கலாக." தங்கச்சி தனியா வந்து அழாத குறையா கேட்டுட்டுப் போன அந்த ஒரு ஆளை, என் கையாலேயே பகையாளிங்களோட சேர்த்து அடைச்சுத் தாழ்ப்பாள் போட்டுட்டேன். ஊரெல்லாம் போன் போச்சு. கொடும்பாளூருக்குப் போகலை.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டரை மணி. வீட்டுல இட்லிக்குச் சட்னி அரைச்சுக்கிட்டிருக்கேன், குறிப்பக்கா போன். அவங்களை விசேஷ வீட்டுக்காரங்க எப்பவும் அழைச்சுருவாங்க, என்னை அழைக்க மாட்டாங்க. திருவரங்குளம் மண்டபத்துல இருந்து பேசறாங்க.

"ஏம்மா, கொடும்பாளூர்க்காரருக்குப் போன் போச்சா?"

"போயிருக்குமேக்கா."

"இருக்குமேங்கிறதெல்லாம் வேணாம். பாத்துச் சொல்லு. ஆளைக் காணோம். கூப்பிட்டா எடுக்கலை. இந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது. பத்தரையோட நல்ல நேரம் முடியுது."

லேப்டாப்பைத் திறந்து போன் போன பட்டியலைப் பார்த்தேன். அவர் நம்பர் இல்லை. கோட்டைப் பார்த்தேன். போன் போகலைன்னா எடம் மாறினது அவருக்குத் தெரியாது. தெரியாதுன்னா அவர் நேரா இலுப்பூர் மண்டபத்துக்குத்தான் போயிருப்பாரு. அந்த மண்டபத்துக்காரர் இந்தக் குடும்பத்து நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்கிறதில்லை, ரெண்டு பேருக்குச் சரின்னு சொன்ன வெக்கம். நான் கூப்பிட்டும் எடுக்கலை, வேற வழியில்லை. சட்னியை அப்படியே போட்டுட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். திருவரங்குளம் இங்கிட்டு, இலுப்பூர் அங்கிட்டு, நடுவுல நான்.

இலுப்பூர் மண்டபத்து வாசல்ல வண்டியை நிறுத்தும்போது ஒன்பது இருபது. முதலாளி போன் வந்துச்சு. அக்கா சொல்லியிருக்காங்க.

"இங்க பாரும்மா, நம்ம தப்புன்னு ஒண்ணும் சொல்லிக்காத. நெட்வொர்க் சரியில்லைன்னு சொல்லிரு. எல்லாரும் ஒத்துக்குவாங்க."

எல்லாரும் ஒத்துக்குவாங்கதான். நானும் அதைத்தான் சொல்றதா நினைச்சுக்கிட்டு உள்ள போனேன்.

உள்ள இன்னொரு குடும்பத்தோட காதுகுத்து ஜோரா நடந்துக்கிட்டிருக்கு. பந்தியில, முதல் எலையில, பட்டு வேட்டி, பெரிய மீசை, பக்கத்துல ரெண்டு பேர் விசிறாத குறை. நம்ம ஆளு. பொங்கல் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. நடந்தது என்னன்னா, அந்த வீட்டுத் தாய்மாமன் சிங்கப்பூர்ல இருந்து வர்றவரு, மாப்பிள்ளை வீட்டாளுங்க பாதிப் பேருக்கு முகம் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒரு டெம்போ, கொட்டு, சீர்த் தட்டு, கிடாயோட ஒருத்தர் "தாய்மாமன் வந்துட்டேன்"னு இறங்கினா அவங்க என்ன பண்ணுவாங்க? ஆரத்தி எடுத்துட்டாங்க. வாசல்ல ஃப்ளெக்ஸ்ல வேற பிள்ளை படம், வேற பேரு. ஆனா படிக்கிறதுக்கு இவருக்குக் கண்ணாடி வேணும். கண்ணாடி பட்டு வேட்டிக்கு எடுப்பா இல்லைன்னு வீட்டுலயே வச்சுட்டு வந்திருக்காரு.

பக்கத்துல போயி நின்னேன்.

"அண்ணே, நீங்க கொடும்பாளூர்தானே?"

"ஆமா. நீ யாரு, மாப்ள வீட்டுப் பொண்ணா? போயி ஒங்க வீட்டு ஆம்பளையைக் கூப்பிடு. தாய்மாமன் வந்து கால் மணி நேரமாச்சு. எந்தங்கச்சி புருஷன் எட்டிக்கூடப் பாக்கலை. இவுக யார் யாரோ வந்து விழுந்து விழுந்து கவனிக்கிறாக, அவரு வரலை."

"அண்ணே, இது வேற வீட்டு விசேஷம். ஒங்க மருமகனுக்குத் திருவரங்குளத்துல நடக்குது."

வாய்க்குக் கொண்டுபோன வடையை எலையில வச்சாரு. சுத்திப் பார்த்தாரு.

"அப்ப இது யார் வீட்டுப் பொங்கல்?"

"யார் வீட்டுதோ. எந்திரிங்கண்ணே, நேரமாகுது."

எந்திரிச்சாரு. ஆனா எந்திரிச்ச வேகமே சரியில்லை. மீசை துடிக்குது.

"எடம் மாறினது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே? மாப்ள வேணும்னே விட்டிருக்காரு. கொட்டுக்காரங்களை வண்டியில ஏறச் சொல்லு. வீட்டுக்குப் போவோம். எந்தங்கச்சியும் வேணாம், எவன் காதும் எனக்கு வேணாம்."

இந்த எடத்துலதான் பிள்ளைகளா நான் யோசிச்சேன். நெட்வொர்க்குன்னு சொல்லலாம். சொன்னா இவரு நம்ப மாட்டாரு. நெட்வொர்க் எல்லாரையும் விட்டுட்டு இவரை மட்டுமா விடும்? மாப்ள வேணும்னே விட்டதுதான் காரணம்னு முடிவு கட்டிருவாரு. நான் தப்பிச்சுருவேன். ஒரு அண்ணனும் தங்கச்சியும் அதோட சரி. அங்க ஒரு பொண்ணு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்குது.

"அண்ணே, விட்டது ஒங்க மாப்ள இல்லை. நான். போன் போடுற புரோகிராமை எழுதினவ நான்தான். ஒரு பிராக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டேன், நீங்க பேச்சுவார்த்தை இல்லாதவங்களோட போயிட்டீங்க. ஒங்களுக்குப் போகவேண்டிய போன் இது, கேளுங்க."

கையில லேப்டாப்பைத் தூக்கிட்டுத்தான் வந்திருந்தேன். கொட்டை நிறுத்தச் சொல்லிட்டு, பந்தியிலயே எலைக்குப் பக்கத்துல வச்சு ஓடவிட்டேன்.

"அண்ணே, நான்தான். மண்டபம் மாறிருச்சுண்ணே, திருவரங்குளத்துக்கு வந்துரு. நீ வராம எம்பிள்ளைக்கு நான் காது குத்த மாட்டேன். அன்னைக்கு ஒனக்கு நல்லி எலும்பு வைக்காதது தப்புத்தான். இந்தத் தடவை வைக்கச் சொல்லியிருக்கேன். கோவிச்சுக்காம வாண்ணே."

அவர் லேப்டாப்பையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

"இன்னொருவாட்டி போடு."

போட்டேன். மூணு தடவை கேட்டாரு. அப்புறம் துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "பிராக்கெட்டுன்னா என்னம்மா?"ன்னாரு. "வண்டியில சொல்றேண்ணே"ன்னேன்.

சீர்த் தட்டுகளைத் திரும்ப எடுக்கிறது பெரும்பாடாப் போச்சு. அந்த வீட்டுப் பொம்பளைங்க எங்க தட்டையும் அவங்க தட்டையும் கலந்து அழகா வரிசை கட்டிட்டாங்க. எந்த வாழைப்பழம் எந்த வீட்டுதுன்னு யாருக்குத் தெரியும்? எண்ணி எடுத்துக்கிட்டோம். "கிடாயை மட்டும் விட்டுட்டுப் போங்களேன்"னு அந்த வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கேட்டுப் பார்த்தாரு. டெம்போவுல பின்னாடி கொட்டுக்காரங்க, தட்டு, கிடாய், என் ஸ்கூட்டர், நான். கிடாய் என் துப்பட்டாவைத் தின்னுச்சு. ஜன்னல் வழியா நான் அவருக்குப் பிராக்கெட்டை விளக்கினேன். "அப்ப கதவைத் தப்பான எடத்துல பூட்டிட்ட"ன்னாரு. இத்தனை வருஷத்துல அதை அவ்வளவு சுருக்கமா யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பத்து இருபத்தஞ்சுக்குப் போயிச் சேர்ந்தோம். பையன் மாமன் மடியில உக்காந்தான், காது குத்தினாங்க, மாமன் கட்டை விரலைக் கடிச்சு வச்சுட்டான். மாமன் கையை எடுக்கலை. அந்தப் பொண்ணு அண்ணன் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு, எனக்கும் அழுகை வந்துச்சு. மத்தியானம் பந்தியில பையனோட அப்பா தன் கையாலேயே வாளியைத் தூக்கிட்டு வந்து, ரெண்டு நல்லி எலும்பு வச்சாரு. எனக்கு ரசம் வந்துச்சு. எனக்கு அது போதும்.

திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்ததும் வராததுமா நான் குறிப்பக்காகிட்ட சண்டைக்குப் போனேன். "ஒங்க ரெண்டாம் நம்பர் பிராக்கெட்டாலதான் இவ்வளவும்"னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க.

"ஒன் எடிட்டருக்கு எது குறிப்பு, எது கோடுன்னு தெரியாது. சரி. ஆனா அது ஏதோ சரியில்லைன்னு சிவப்புக் காட்டுச்சுல்ல? அதை ஏம்மா அணைச்சே?"

எடிட்டர் சொன்ன காரணம் தப்பு. ஆனா, "இங்க ஒரு நிமிஷம் நில்லு"ன்னு அது சொன்னது சரி. நான்தான் நிக்கலை.

அதுல இருந்து நாங்க ஒரு பழக்கம் வச்சுக்கிட்டோம். ஓட்டுறதுக்கு முன்னாடி என் கோட்டை நான் தமிழ்ல வாய்விட்டுப் படிப்பேன். அவங்க குறிப்பை அவங்க படிப்பாங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் பட்டனைத் தொடுவேன். பின்னாடி முதலாளி நின்னா, "போயி டீ குடிச்சுட்டு வாங்க"ன்னு அனுப்பிருவேன். நீங்களும் அனுப்புங்க, அவர் பழகிட்டாரு. அக்காவும் பெரிய மனசு பண்ணி (1) (2)ன்னு திறந்து மூட ஆரம்பிச்சாங்க. ஒங்க எடிட்டர் இப்ப வேலியைப் பார்த்துப் பிரிச்சுப் படிக்குது, இந்தத் தொல்லையெல்லாம் ஒங்களுக்கு இல்லை. ஆனா ஒங்களுக்குன்னு வேற ஏதாவது ஒண்ணு சிவப்பாகும். அதை அணைக்காதீங்க.

போன வருஷம், நான் ஓய்வு வாங்க மாசம் ஒண்ணு இருக்கும்போது, கொடும்பாளூர்க்காரர் ஆபீஸ் படியேறி வந்தாரு. கண்ணாடி போட்டிருந்தாரு. அவர் மகளுக்குக் கல்யாணமாம்.

"விதி ஏதாவது இருக்காண்ணே?"ன்னு அக்கா பேனாவை எடுத்தாங்க.

"ஒரு விதியும் கிடையாது. பட்டியல்ல இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிடுங்க. பேச்சுவார்த்தை இல்லாதவன், இருக்கிறவன், எல்லாரையும். யாரையும் விடக் கூடாது."

எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. ஒத்தை வரிக் கோடு, பிராக்கெட்டே வேணாம். என் வேலையை இப்படி ஒரு ஃபைலோட முடிக்கிறது எவ்வளவு பெரிய பாக்கியம்னு நினைச்சுக்கிட்டே எழுதி முடிச்சேன். அவர் கும்பிடு போட்டுட்டு படியில நாலு எட்டு இறங்கினவரு, திரும்பி வந்து தலையை மட்டும் உள்ள நீட்டினாரு.

"அந்த இலுப்பூர் மண்டபத்துக்காரன் பேரும் பட்டியல்ல இருக்கு, அவனை மட்டும் விட்டுரும்மா."

பிராக்கெட்டைத் திறந்தேன். மண்டபத்துக்காரர் பேரைப் போட்டேன். மூடினேன். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு, வாய்விட்டுப் படிச்சுக் காட்டினேன்.